ஆணியில் ஒரு சாவி

"டீச்சர், உங்களுக்கு ஒண்ணுக்கே வராதா?"

கேட்டவள் என் மூன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் சிறுமி. மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்தவள். ஓயாமல் எதையாவது கேட்பதால் பிள்ளைகள் அவளுக்குக் கேள்விப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து இரண்டு முறை சுண்டுவிரலை உயர்த்தி வெளியே போய் வந்திருந்தாள். மூன்றாவது முறை உயர்த்தியபோது, "மறுபடியுமா?" என்று நான் முகம் சுளித்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி. நாற்பத்தொரு பிள்ளைகளும் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

"எனக்கெல்லாம் வராது. நீ போயிட்டு வா," என்றேன்.

தினமும் காலைப் பிரார்த்தனையில், பொய் சொல்ல மாட்டோம் என்று அந்தப் பிள்ளைகளைச் சொல்ல வைப்பவள் நான்தான். சொன்ன வாயை மூடுவதற்குள் அடிவயிற்றில் சுரீரென்று ஒரு வலி. கடவுள் உடனுக்குடன் பதில் சொல்வது அபூர்வம். அன்று சொன்னார்.

எங்கள் வகுப்பு இரண்டாம் மாடியில். ஆசிரியர்களுக்கான கழிப்பறை தரைத்தளத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தையும் தாண்டி இருந்தது. எப்போதும் பூட்டியிருக்கும்; டீச்சர்கள் ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு சாவி. பெரியவர் யாரும் இல்லாமல் வகுப்பை விட்டுப் போகக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் சட்டம். நல்ல சட்டம்தான். ஒரு பையன் மேசையிலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்ட பிறகு வந்தது. இடைவேளையிலாவது போகலாம் என்றால், மாடிப்படியில் நின்று பிள்ளைகள் தள்ளிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். அதனால் எங்களுக்கு ஒரு வழி பழகிப்போயிருந்தது. தண்ணீரே குடிப்பதில்லை. எங்கள் மாடியில் ஆறு டீச்சர்கள். ஆறு பேர் பையிலும் தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் எவ்வளவு கனமாக வந்ததோ மாலையில் அவ்வளவு கனமாகவே வீடு திரும்பும்.

அந்த வாரம் டாக்டரிடம் போனேன். அந்த வருடத்தில் அது மூன்றாவது முறை. டாக்டரம்மா சோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலாவது தடவை வந்தா கிட்னிக்கு ஏறிடும்மா. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போகணும். மாத்திரையெல்லாம் அதுக்கப்புறம்தான். முடியலைன்னா வேலையை விட்டுருங்க."

கடைசி வாக்கியத்தை அவர் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாகச் செய்யும் வேலை. எனக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது.

வெளியே என் கணவர் காத்திருந்தார். அவர் பஸ் டிரைவர். நடந்ததைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"நாப்பது பேரை வெச்சுக்கிட்டு வண்டியை அம்போன்னு விட்டுட்டு இறங்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு டீச்சரம்மா, எனக்குக் கண்டக்டர் இருக்காரு. அஞ்சு நிமிஷம் பாத்துக்கய்யான்னா பாத்துக்குவாரு. உனக்குக் கண்டக்டர் யாரு?"

யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் முதல் பாடவேளையிலேயே டாக்டருக்குப் பயந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இரண்டாவதில் இன்னொன்று. மூன்றாவதில் உலகமே இருண்டது. "யாரும் இடத்தை விட்டு அசையக்கூடாது," என்று சொல்லிவிட்டு, சட்டத்தை மீறி, ஐம்பத்திரண்டு படிகளையும் தடதடவென்று இறங்கி ஓடினேன். வலியால் நேரமாகிவிட்டது. திரும்பி வர பன்னிரண்டு நிமிடம். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் என் காதில் கற்பனையாக ஓர் எலும்பு முறிந்தது.

வகுப்பு அமைதியாக இருந்தது. எல்லாத் தலைகளும் நோட்டில் கவிழ்ந்திருந்தன. கரும்பலகையில் ஐந்து கழித்தல் கணக்குகள். என் கையெழுத்து இல்லை.

"யாரு எழுதினது?"

எல்லாக் கண்களும் முதல் பெஞ்சைப் பார்த்தன. கடைசியில் கேள்விப்பெட்டி எழுந்து நின்றாள்.

"அதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சைரன் டீச்சர் சொல்லிட்டுப் போயிருக்காங்க டீச்சர்."

சைரன் டீச்சர் பக்கத்து வகுப்பு. அவர் வாயைத் திறந்தால் பள்ளியின் வாசல் கேட் வரை கேட்கும் என்பதால் அந்தப் பெயர். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மரக்கதவு உண்டு. நான்கு வருடத்துக்கு முன், அவர் கத்துவதில் என் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறவில்லை என்று ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். அவர் கதவைப் பூட்டி, என் பக்கம் ஒரு இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தார். கடிதத்தை சைரன் டீச்சரிடம் காட்டவும் செய்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு, காலையில் ஒரு வணக்கத்தோடு சரி. அப்படிப்பட்டவர் வந்து என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதிய இடைவேளையில் போய் அவர் முன்னால் நின்றேன்.

"டீச்சர், காலைல என் கிளாஸுக்கு..."

"நான் வரலையே," என்றார். குரல் தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் இருந்தது.

"போர்டுல உங்க எட்டு இருக்கு. வட்டத்து மேல வட்டம் வெச்சு எட்டு போடுறது இந்த ஸ்கூல்லயே நீங்க மட்டும்தான்."

மாட்டிக்கொண்ட பிள்ளைபோல் சிரித்துவிட்டார். "படியில அந்த ஓட்டம் ஓடுனா யாருக்குத்தான் தெரியாது? செருப்புச் சத்தமே சொல்லிடுச்சு. என் கிளாஸுக்கும் உங்க கிளாஸுக்குமா வராந்தாவுல மாத்தி மாத்தி ஓடிக்கிட்டிருந்தேன். நானும் ஓடினவதான். போன வருஷம் பதினஞ்சு நாள் லீவு போட்டேனே, பெரியம்மா தவறிட்டாங்கன்னு?"

"ஆமா, நான்கூட வருத்தப்பட்டேன்."

"பெரியம்மா கல்லுக்குண்டாட்டம் இருக்காங்க. எனக்குத்தான் இதே கோளாறு. இதைப் போய் லீவு லெட்டர்ல எப்படி எழுதறது?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண் கலங்கியது. என் கணவர் சொன்ன கண்டக்டர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் அந்தக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது திறந்திருந்தால், வாசல்படியில் நிற்கும் ஒருத்திக்கு இரண்டு வகுப்பும் தெரியும். ஐந்து நிமிடம் போதும். இத்தனை நாளாகக் கண்டக்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, குறுக்கே பீரோவையும் போட்டுவிட்டேன்.

"அந்த பீரோவை நகர்த்தினா என்ன?" என்றார்.

"அதை அங்க வைக்கக் காரணமே நான்தானே. எந்த முகத்தோட கேக்கறது?"

"வெச்ச ஆளு கேட்டாத்தான் எடுக்கறது சுலபம். வாங்க."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். ஹெட்மாஸ்டர் நாங்கள் ஒன்றாக வந்ததையே நம்ப முடியாமல் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தார். சைரன் டீச்சர் காரணத்தைக் கூச்சப்படாமல் உடைத்துச் சொன்னார். ஹெட்மாஸ்டர் மேசைமேல் இருந்த பேனாக்களை ஒழுங்குபடுத்தினார். பிறகு, "ஒரு வாரம் பாப்போம். ஒரு புள்ளைக்குக் கீறல் விழுந்தாலும் பீரோ பழைய இடத்துக்கே போயிடும்," என்றார்.

அன்று பள்ளி விட்டதும் ஆறு டீச்சர்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பீரோவைத் தள்ளினோம். அது நகரும் சத்தத்தில் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. பூட்டைக் கழற்றினோம். நான்கு வருடப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்த கதவு, மூன்றாவது இழுப்பில் படாரென்று திறந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

உடனே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. சைரன் டீச்சரின் ஜன்னலுக்குக் கீழே ஒரு வெல்டிங் பட்டறை. இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது தினமுமா?" என்றேன்.

"ஜன்னலைச் சாத்தினா புள்ளைங்க அவிஞ்சு போயிடுதுங்க. திறந்தா நான் கத்தணும். இது போதாதுன்னு வீட்லயும் பழக்கத்துல கத்திடறேன். என் வீட்டுக்காரர் பாதி நாள் பயந்தே சாப்பிடறாரு."

நான்கு வருடம் அது அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன். "என் லெட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"அழகா எழுதியிருந்தீங்க. விடுங்க."

திங்கட்கிழமை காலையில் எனக்குப் புதுப்பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல் இருந்தது. பிள்ளைகளுக்குக் கண்டக்டர் கதையைச் சொன்னேன். இனி நானும் தண்ணீர் குடிப்பேன், எனக்கும் வரும் என்று முந்தைய பொய்யைத் திருத்தினேன். கேள்விப்பெட்டி, "அப்பாடா," என்றாள். சைரன் டீச்சரின் தொண்டையைக் கெடுக்க வேண்டாம் என்று, போகும்போது பிள்ளைகள்போல் சுண்டுவிரலைக் காட்டுவது, மற்றவர் தலையாட்டுவது என்று ஏற்பாடு.

பதினொரு மணிக்குக் கதவு வழியாக விரலைக் காட்டினேன். அவரும் அதே நேரம் விரலைக் காட்டினார். சரி என்று சொல்கிறார் என்று நான் நினைத்துத் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். நான் முன்படியில் இறங்கினேன். அவர் பின்படியில் இறங்கினார்.

நான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது, கையில் தன் சாவியோடு வாசலில் அவர் நிற்கிறார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றேன்.

"அதை நான் கேக்கணும்!"

ஒரு விநாடி. அவ்வளவுதான். இரண்டு பேரும் ஓடினோம். அவர் வந்த வேலையைக்கூட முடிக்கவில்லை. மேலே எண்பத்து மூன்று பிள்ளைகள், ஒரு பெரியவர் இல்லை. முதல் நாளே போச்சு, கதவு போச்சு, இனி டாக்டர் சொன்னதுதான் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். "கடவுளே, ஒரு கீறல் விழக்கூடாது," என்று அவர் எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே வேண்டினார்.

மாடியில் ஹெட்மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே, கதவின் வாசல்படியில், ஒரு கால் என் வகுப்பிலும் ஒரு கால் அந்த வகுப்பிலுமாகக் கேள்விப்பெட்டி. அக்குளில் சாக்பீஸ் டப்பாவை இடுக்கியிருந்தாள்.

"யாரும் எறங்கக்கூடாது! வண்டி ஓடிக்கிட்டிருக்கு! பின்னாடி சீட்டு, கையை உள்ள வை!"

எண்பத்திரண்டு பயணிகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு நிமிஷம்," என்றார் ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் என்னிடம் கையை நீட்டினார். கழிப்பறைச் சாவியைக் கொடுத்தேன். சைரன் டீச்சரிடம் நீட்டினார். அவரும் கொடுத்தார். பீரோவைத் தள்ள ஆள் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைக் கதவு நிலையில் இருந்த பழைய காலண்டர் ஆணியில் மாட்டினார்.

"சாவி ரெண்டா இருந்தா ரெண்டு பேரும் போவீங்க. இனி ஒண்ணுதான். ஆணியில இருந்தா எடுத்துட்டுப் போகலாம். இல்லைன்னா, மத்தவங்க வர்ற வரைக்கும் நிக்கணும்." நான்கு எட்டு போய்த் திரும்பினார். "கீழே எனக்கும் ஒரு கிளாஸ் இருக்கு. பக்கத்து ரூமுக்குக் கதவு இல்ல. ஒரு ஜன்னல் வெச்சா தெரியுமான்னு பாக்கணும்."

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, சைரன் டீச்சர் ஆணியிலிருந்து சாவியைப் பறித்துக்கொண்டு மறுபடி ஓடினார். நான் வாசல்படியில் நின்று சிரித்தேன். பிள்ளைகள், "ரைட், ரைட்!" என்று கத்தினார்கள்.

மாதம் முடிவதற்குள் எங்கள் மாடியில் மூன்று கதவுகள் திறந்தன, மூன்று ஆணிகளில் மூன்று சாவிகள். ஆறு பாட்டில்களும் மாலையில் காலியாக, பைக்குள் உருண்டுகொண்டு வீடு திரும்பின. டாக்டரம்மா புதிய சோதனைத் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கே! வேலையை விட்டுட்டீங்களா?" என்றார். இல்லை, கண்டக்டர் கிடைத்துவிட்டார் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆனால் என் கண்டக்டரின் தொண்டை சரியாகவில்லை. நான் நச்சரித்து அனுப்பியதில் தொண்டை டாக்டரிடம் போனார். இரண்டு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு, இல்லையென்றால் கத்தி வைக்க வேண்டியிருக்கும். லீவு எடுக்கச் சொன்னால் கேட்கவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. எல்லாவற்றையும் போர்டில் எழுதியே நடத்தினார். காலை முதல் பாடவேளையில் பாதி எழுதுவதிலேயே போய்விடும். அதற்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். அவருக்குக் கத்தத் தோன்றும். வாயைக் கையால் பொத்திக்கொள்வார். மூன்றாம் நாள், "நான் எழுதித் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன். ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார்: உங்களுக்கு உங்க வண்டியே போதும். போங்க.

மறுநாள் என் கணவரின் முதல் வண்டியிலேயே ஏறி வந்துவிட்டேன். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் பெருக்கப் போனார். மாடியில் யாரும் இல்லை. பட்டறைகூட இன்னும் திறக்கவில்லை. சைரன் டீச்சரின் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் மேசைமேல் வெந்நீர் பிளாஸ்க்கை வைத்தேன். முந்தைய நாள் பாடத்தை ஒரு பிள்ளையின் நோட்டில் பார்த்து வைத்திருந்தேன். பாடப்புத்தகத்தில் அதற்கு அடுத்த பக்கத்தின் கணக்குகளைப் போர்டின் இடது ஓரத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். அவருடைய குண்டு எழுத்தில், அவர் விடும் இடைவெளி விட்டு. எட்டு வந்த இடங்களிலெல்லாம் நிறுத்தி, ஒரு வட்டம் போட்டு, அதன்மேல் இன்னொரு வட்டம் வைத்தேன்.

கடைசிக் கணக்கு முடிந்தபோது கீழ்ப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று எனக்குத் தெரியும். சாக்பீஸை இருந்த இடத்திலேயே வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நடுக்கதவு வழியாக என் வகுப்புக்குள் நுழைந்தேன். கதவைப் பூட்டவில்லை, ஒருக்களித்து வைத்தேன். என் தோள் பட்டு, ஆணியில் சாவி சத்தமில்லாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.