இரண்டு வால்வும் ஒரு பல்லும்

ஸ்கேனர் மூன்றாம் முறையும் அதே கோளாறு எண்ணைத்தான் காட்டிற்று. மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எண் மாறக் காணோம்.

கார், வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் நர்ஸம்மாவுடையது. “சிக்னல்ல நின்னா போதும்ணே, குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. மேட்டுல ஏறச் சொன்னா முனகுது. என் பேஷண்டுங்களே தேவல” என்று சொல்லி, முதல் நாள் மாலை சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இவ்வகை இன்ஜினில், வால்வுகள் திறந்து மூடும் நேரம் வேகத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகரும். நகர்த்துவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயை அளந்து விடுவதற்குக் கட்டைவிரல் பருமனில் இரண்டு ஆயில் வால்வுகள் உண்டு. காற்று நுழையும் பக்கத்துக்கு ஒன்று, புகை வெளியேறும் பக்கத்துக்கு ஒன்று. காற்றுப் பக்கத்து நேரம் முன்னே போய் நின்றுகொண்டு திரும்ப மறுக்கிறது என்பதே ஸ்கேனரின் புகார். ஒன்று, அந்தப் பக்கத்து ஆயில் வால்வு சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல், வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இணைக்கும் டைமிங் செயின், பற்சக்கரத்தில் ஒரு பல் தவறி மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் காருக்குச் சென்ற வாரம் செயின் மாட்டியவர் இவரேதான். கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து பட்டறைக்குத் திரும்பியபின் செய்த முதற் பெருவேலை அது. மனைவியின் தம்பியும் பட்டறையில் சரிபாதிப் பங்காளியுமான மைத்துனர், “கண்ணு கொஞ்சம் தெளியட்டும் மாமா, செயின நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிப் பார்த்தார். இவருக்குச் சுருக்கென்றது.

“ஒரு பல்லு தள்ளி மாட்டியிருந்தா, அன்னிக்கே இன்ஜினத் தொடறத விட்டுடறேன் மாப்ளே. டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்துக்கறேன். போதுமா?”

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

இன்று காலை ஒன்பது மணிக்கு இவர் வந்தபோது மைத்துனர் இல்லை. “லாரி பிரேக்டவுன்” என்று பலகையில் கிறுக்கிவிட்டுப் போயிருந்தார். இவர் முறைப்படியே தொடங்கினார். ஆயில் வால்வுகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலிருப்பவை. ஆகவே ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தி வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். வால்வில் கோளாறென்றால், கோளாறும் கூடவே புகைப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். பெயராமல் அங்கேயே நின்றால், வால்வு நிரபராதி.

ஒவ்வொரு வால்வையும் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். ஸ்பேனரை வைத்ததும் இரண்டும் வெண்ணெயில் குத்தியவை போலச் சுழன்று வந்துவிட்டன. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசித் திருகில் ‘டக்’கென்று மணிக்கட்டு அதிரும்வரை இறுக்குவதல்லவா இவர் வழக்கம்? செயின் வேலையின்போது இவற்றை இறுக்கியவரும் இவர்தானே? போல்ட்டிலேயே கை தவறியிருந்தால், செயினில்?

வால்வுகளை மாற்றிப் பொருத்தி, பத்து நிமிடம் ஓட்டினார். டாஷ்போர்டில் கோளாறு விளக்கு எரிந்தது. எண், காற்றுப் பக்கத்து எண்ணேதான்.

செயினிலுள்ள குறிகள் மூன்றும் பற்சக்கரங்களின் குறிகளோடு நேர்நேராக நின்றதைக் கண்ணாரக் கண்டதாகத்தான் நினைவு. கண்டாரா, காண வேண்டுமென்று விரும்பியதைக் கண்டாரா? நினைக்க நினைக்க அக்குறிகள் நகர்ந்துகொண்டே போயின.

அந்நேரம் பார்த்து நர்ஸம்மாவின் போன் வந்தது. “என்னண்ணே, என்ன வியாதின்னு தெரிஞ்சுதா?”

“இன்னும் தெரியலம்மா.”

“நீங்களே தெரியலன்னா நான் வேற யாருகிட்டண்ணே போவேன்?”

அதற்கு மேல் தாங்கவில்லை. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றத் தொடங்கினார். நான்காவது போல்ட்டில் இருந்தபோது, மைத்துனர் உடம்பெல்லாம் கிரீஸாக வந்து நின்றார்.

“என்ன மாமா, பிரிக்கறீங்க?”

“செயின்தான் மாப்ளே. வால்வ மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். கோளாறு நகரல.”

“மாத்திப் போட்டீங்களா? எத எங்க?”

“காத்துப் பக்கத்துதப் புகைப் பக்கம், புகைப் பக்கத்துதக் காத்துப் பக்கம். பின்ன, உங்கக்கா சமையல்கட்டுலயா கொண்டு மாட்டுவேன்?”

“ஐயையோ!”

“என்ன ஐயையோ? அந்தக் காத்தடிக்கற ஹோச எடுத்து வை. சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

“மாமா, ஏழு மணிக்கே நான் மாத்திட்டேன்.”

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நீ மாத்தினதயா நான் மாத்தினேன்?”

“ஆமா.”

“அப்ப நான் மாத்தினது?”

“மாறவே இல்ல. எல்லாம் பழைய எடத்துக்கே போயிடுச்சு.”

“இரு, இரு. தலை சுத்துது. அந்த போல்ட்டு ரெண்டும் லொடலொடன்னு இருந்துதே?”

“லாரிக்காரன் போன் மேல போன் போட்டான். ஓட்டிப் பாக்கல, சரியா முறுக்கக்கூட இல்ல, அப்படியே ஓடிட்டேன்.”

“பலகையில ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சா போயிடும்?”

மைத்துனர் கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வால்வுதான்னு உறுதி பண்ணிட்டு ஒரேயடியா சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க வந்து செயின நெனச்சு நொந்துக்க வேணாமேன்னு.”

மெக்கானிக் பெயின்ட் பேனாவை எடுத்து ஒரு வால்வில் ஒரு புள்ளியும், மற்றதில் இரண்டு புள்ளியும் இட்டார். ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, “உன் கையில எது?” “ரெண்டு புள்ளி.” “எங்க போகுது?” “காத்துப் பக்கம்.” “சத்தமா சொல்லு” என்று விசாரணை நடத்தியே பொருத்தினார்கள். மேல்மூடியைப் பழையபடி மூடிவிட்டு, இருவரும் சேர்ந்தே ஓட்டிவிட்டு வந்தார்கள். விளக்கு எரிந்தது.

“நீயே படி மாப்ளே.”

“புகைப் பக்கம், மாமா. கூடவே போயிடுச்சு.”

“இன்னொரு தடவ படி.”

“புகைப் பக்கமேதான்! ஒத்தப் புள்ளி வால்வுதான் திருடன். செயின் ஒரு பல்லுகூடத் தவறல.”

மதியத்துக்குள் புது வால்வு வந்து சேர்ந்தது. மைத்துனர் ஸ்பேனரை எடுக்கப் போனார்.

“நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு. லைட்ட மட்டும் காட்டு.”

மெக்கானிக் குனிந்து, போல்ட்டை மெல்ல மெல்லத் திருகினார். கடைசித் திருகில் ‘டக்’கென்று மணிக்கட்டு அதிர்ந்தது.

“கேட்டுதா?” என்றார்.

“கேட்டுது மாமா.”

ஆயினும் மனம் ஆறாமல், பக்கத்து போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்தார்.