பின்சீட்டில் மூன்று பேர்

“கண்ணை மூடிக்கிட்டு மாட்டினீங்களா, இல்ல தெரிஞ்சேதான் மாட்டினீங்களா? அதை மட்டும் சொல்லுங்க!”

“மேடம், சத்தம் போடாதீங்க. உங்க தம்பி கேட்டதைத்தான் மாட்டினேன்.”

“அக்கா, விடுக்கா. ரோட்ல போறவன் எல்லாம் நின்னு பாக்கறான்.”

“பாக்கட்டுமே! டிக்கெட்டா வாங்கப் போறான்?”

டயர் கடை வாசலில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தவளுக்குத் தெருவில் சர்வேயரம்மா என்று பெயர். நிலம் அளக்கிறவள் அல்ல. மோதி நசுங்கின வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்த அடி நிஜம், எந்த அடி ஜோடனை என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவள் வேலை. “நின்னுட்டிருந்த வண்டி மேல மரம் வந்து மோதிடுச்சு” என்று கூசாமல் சொன்னவர்களையெல்லாம் பார்த்தவள். ஊரார் வண்டியில் நகக்கீறல் இருந்தாலும் கண்டுபிடிப்பாள். சொந்த வண்டியைத்தான் குனிந்து பார்க்கவில்லை.

பார்க்காததற்கும் காரணம் உண்டு. அந்த நான்கு அலாய் வீல்களும் தம்பி கொடுத்த பரிசு. போன மாதம் ஒரு காலையில் அவள் வெளியே வந்தபோது, பழைய இரும்புச் சக்கரங்கள் போய், காரின் காலில் நான்கு வெள்ளிப் பூக்கள் மின்னிக்கொண்டிருந்தன. “எத்தனை நாளைக்குத்தான் என்னை நீயே சுமப்ப? இது என் பங்கு” என்றான். தெரு அவனுக்கு வைத்திருக்கும் பெயர் பந்தா. இப்படிப்பட்டவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்தால் எந்த அக்காதான் தாங்குவாள்? வாசலில் நின்றே அழுதுவிட்டாள். ஆபீசில் போட்டோவைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. அப்படிக் கிடைத்ததை டேப் வைத்து அளக்க மனசு வருமா?

நேற்றுத்தான் முதல்முறையாக ஆபீஸ்காரர்கள் மூன்று பேரைப் பின்னால் ஏற்றினாள். முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே அடியிலிருந்து கர்ர்ர் என்றது. “என்னங்க, வண்டிக்குப் பல்லு முளைச்சிடுச்சா?” என்று ஒருவர் கேட்டார். இன்று தம்பியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

காரின் டிரைவர் கதவைத் திறந்து, கதவோரத் தூணில் கம்பெனி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினாள். “பதினஞ்சு இஞ்ச் ரிம்முக்கு டயர் உயரம் அறுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. நீங்க ரிம்மை பதினாறு ஆக்கினீங்க. ரிம் பெருசானா டயரோட பக்கவாட்டுச் சதை குறையணும், மொத்த உயரம் பழைய மாதிரியே நிக்கணும். ஐம்பத்தஞ்சு போட வேண்டிய இடத்துல மறுபடி அறுபத்தஞ்சா? அதுவும் அகல டயர்ல? ரெண்டு விரக்கடை உசந்து நிக்குது!”

“நான் ஐம்பத்தஞ்சுதான் சொன்னேன் மேடம். எடுத்தும் வச்சேன். தம்பிதான், ‘இது சப்பையா இருக்கு, நல்லா புஷ்டியா மாட்டுங்க, பாக்கறவங்க அசந்து போகணும்’னாரு.”

“யாரு அசந்து போகணும்?”

“சும்மா... பொதுவா சொன்னேன்க்கா” என்றான் தம்பி. பொதுவாகச் சொன்னவன் முகம் ஏன் அப்படி வியர்க்க வேண்டும்?

கடைக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றினார். அவள் முட்டி போட்டு, போன் வெளிச்சத்தை மட்கார்டுக்குள் அடித்தாள். உள்ளேயிருந்த கறுப்புப் பிளாஸ்டிக், தேய்ந்து தேய்ந்து கண்ணாடிபோலப் பளபளத்தது. ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அடுத்த பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னாள். அங்கேயும் அதே தேய்வு.

நேற்றைய நாலு தெருப் பயணத்தில் இது நடக்காது. பின்சீட் காலியாக இருந்தால் உரசவே உரசாது. வெகுதூரம், முழுப் பாரத்தோடு, நடு இடத்திலும் ஆள் உட்கார்ந்து போயிருக்க வேண்டும். அவள் வெளியூர் வேலையாகப் போயிருந்த வாரத்தில் வண்டி வீட்டில்தான் இருந்தது.

“நான் இல்லாதப்போ வண்டி எடுத்தியே, யாரை ஏத்தின?”

“யாரையும் ஏத்தல. ஃப்ரெண்டைப் பாக்கப் போனேன். நான் மட்டும்தான்.”

“பின்னாடி?”

“காலி.”

தொழிலில் இதைவிட நல்ல பொய்களைக் கேட்டிருக்கிறாள். வாதாடவில்லை. “பழைய சக்கரம் இருக்கா?” என்றாள் கடைக்காரரிடம். பரணில் கிடந்தது. “அதையே மாட்டுங்க.”

“அக்கா! அலாய் இல்லாம வண்டி மொட்டையா நிக்கும். ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது விட்டு வைக்கா.”

“ஞாயித்துக்கிழமை என்ன?”

தம்பி கடைக்குள் அடுக்கியிருந்த டயர்களை எண்ணுகிறவன்போல நின்றான். கடைக்காரர் ஸ்பேனரை ஓசை வராமல் திருப்பினார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்னவென்று தெரிய வேண்டாமா?

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூட்டு வலியால் அந்த வாரம் முழுக்க வாசல்படிகூட இறங்கவில்லை என்று போனில் சொன்ன அம்மா. மகள் எதிரில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து மடித்தபடியே கேட்டாள்.

“பின்சீட்ல நடுவுல உக்காந்தது யாரும்மா?”

“உங்க சித்திதான். கால் நீட்ட இடமில்லன்னு வழியெல்லாம் புலம்...”

அம்மாவின் கை நின்றது. மடித்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தம்பிக்குப் பெண் பேசப் போயிருக்கிறார்கள். தம்பி ஓட்ட, சித்தப்பா முன்னால், அம்மாவும் சித்தியும் சித்தி மகனும் பின்னால்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“அவங்க கொஞ்சம் ஒரு மாதிரியான ஆளுங்கடி. நீ வாழாம வந்துட்டேன்னு தெரிஞ்சா...”

“வாழாம வரலம்மா. அடி வாங்க முடியாம வந்தேன். நீதானே அன்னிக்கு வீங்கின கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத?”

“ஊரார்கிட்ட அதையெல்லாம் விளக்கிட்டிருக்க முடியுமா?”

“அப்ப என்னை என்னன்னு சொன்னீங்க?”

“வெளிநாட்டுல வேலைன்னு... சித்திதான் சொன்னா. நான் சும்மாதான் இருந்தேன்.”

“சும்மா இருந்த. சரி, வண்டி?”

“வண்டி அவனோடதுன்னு...”

“வீல் என்னோடதுதானேக்கா” என்றான் வாசலில் நின்ற தம்பி. சமாதானம் சொல்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் இங்கே வருகிறார்களாம். அன்று ஒரு நாள் மட்டும் மகள் எங்கேயாவது தோழி வீட்டில் இருந்துவிட்டு வந்தால் போதுமாம். “வண்டியை மட்டும் வாசல்ல விட்டுட்டுப் போடி” என்றாள் அம்மா, கடைசித் துணியை மடித்துக்கொண்டே.

வண்டி வேண்டும், வண்டிக்காரி வேண்டாம்.

மறைத்ததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வாசலில் நின்று, தெரு பார்க்க, அந்தச் சக்கரங்களுக்காக அழுதாளே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசியது. தெருவுக்கு மட்டும் தெரியாதா என்ன? சித்தியின் புதுத் தோடு பின்கண்ணாடியில் மின்னியதை எதிர்வீட்டு ஜன்னலே பார்த்திருந்தது. அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வருகிற வாய்.

சனிக்கிழமை மாலை, இரும்புச் சக்கரங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு போய்விட்டாள். அலாய் வீல் நான்கையும், புஷ்டியான டயர்களோடு, தம்பி அறை வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். அடுத்தவர் பொருள் ஒன்றைக்கூட அவள் எடுத்துப் போகவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா அந்த அடுக்கை வெகுநேரம் பார்த்தாராம்.

“கார் எங்க மாப்பிள்ளை?”

“சர்வீசுக்குப் போயிருக்கு மாமா.”

“சக்கரத்தை இங்கயே விட்டுட்டா?”

ஆனாலும் சம்பந்தம் நின்றுவிடவில்லை. இப்படிப்பட்டவை அவ்வளவு சுலபத்தில் நிற்பதில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

“லீவுல வந்த மாதிரி வந்து நின்னுட்டுப் போயேன்டி. கூடப் பிறந்தவ இல்லாம எப்படி?”

“வர்றேன்மா. நான் எந்த நாட்டுல இருக்கேன்?”

“அது சித்திக்குத்தான் தெரியும். கேட்டுச் சொல்றேன்” என்றாள் அம்மா. நிஜமாகவே கேட்டுவிட்டு, அன்று மாலையே திரும்பக் கூப்பிட்டாள். மகள் போனை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை.

பந்தா இப்போது மாமனார் ஊரோடு போய்விட்டான். மனைவி அவனைக் கண்ணசைவில் வைத்திருக்கிறாள் என்று கேள்வி. அம்மா சித்தி வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். அவளும் சித்தியும் பேசிக்கொள்வது குறைவு. சர்வேயரம்மா மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். அங்கே கப்பல் துறையில் வேலை பார்க்கும் ஒருவரைப் போன வருஷம் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர் என்கிறார்கள். அம்மாவுக்கு அது தெரிந்தது கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான்.