கவர் பிரிக்காத நாற்காலி

சாயங்காலம் நாலு மணியானால் நிஷாவின் பாதங்கள் மரத்துப்போகும். கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்தால் தரை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்தே கிடந்தால் அப்படித்தான் என்று விட்டிருப்பார்கள். இவள் பட்டினப்பாக்கம் துரைராஜின் மகள். அவருக்கும் சர்க்கரை நோய் முதலில் பாதத்தைத்தான் மரக்கச் செய்தது. போன வருஷம் இரண்டு கால்விரல்களை எடுத்ததிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. தனக்கும் அதேதான் என்று நிஷா தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, வீட்டில் வாய் திறக்காமல் ஒரு மாதம் பயந்து செத்தாள்.

கடைசியில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு மந்தைவெளி டாக்டர் ஹம்சாவிடம் போனாள்.

"சுகரா? உனக்கா? ஒண்ணுமே இல்லம்மா." ஹம்சா ஊசி முனையால் பாதத்தைக் குத்த, நிஷா கத்தினாள். "நல்லாத்தானே உறைக்குது! வேலை செய்யறப்ப கால் எங்க இருக்கும்?"

"தொங்கிக்கினுதான் கீது டாக்டர். சேர் ஒசரம்."

"இறக்கிக்கலாமே?"

"அம்மா கவர் மேல டேப் சுத்திக்கீறாங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா ஆரோக்கியமேரியைத் தெரிந்திருந்தால் புரிந்திருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனி அனுப்பிய நாற்காலி அது. மீன் விற்ற கை பட்டால் வாடை பிடித்துக்கொள்ளும், நாளைக்குத் திருப்பிக் கேட்டால் எந்த முகத்தோடு கொடுப்பது என்று, பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவிடாமல் மேலே நாலு சுற்று டேப்பும் ஒட்டியிருந்தாள் அந்தப் புண்ணியவதி. உயரத்தைக் குறைக்கும் பிடியும் டேப்புக்குள் போய்விட்டது. நாளெல்லாம் நாற்காலி விளிம்பு தொடையை அழுத்தினால் கால் மரக்காமல் என்ன செய்யும்?

"பாதம் தரையில பதியணும், முதுகு சாய்மானத்துல ஒட்டணும். அரை மணிக்கொரு தரம் எழுந்து நட. அப்பவும் மரத்துப்போனா வந்து காட்டு" என்றார் ஹம்சா.

வீட்டுக்கு வந்ததும் நிஷா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இன்னாடி பண்ற? புதுசுடி அது!" ஆரோக்கியமேரி ஓடிவந்தாள்.

"எட்டு மாசமா அது புதுசாத்தான் கீது. நான்தான் பழசாயிட்டேன்."

டேப்பை வெட்டிக் கவரை உரித்துவிட்டு, உட்கார்ந்து பிடியைத் தூக்கினாள். நாற்காலி இறங்கியது. இரண்டு பாதங்களும் சிமென்ட் தரையில் சில்லென்று பதிந்தன. 'அப்பாடா' என்று வாய்விட்டே சொன்னாள்.

வாசலில் துரைராஜ் நின்றிருந்தார். மேசைமேல் கிடந்த பரிசோதனைத் தாளையே பார்த்தார்.

"சுகர் இல்லியா?"

நிஷா திடுக்கிட்டாள். "உனக்கு எப்டி நைனா தெரியும்?"

"தினம் காலைத் தேச்சுக்கினு இருக்கியே. என் நோவு உனக்கும் வந்துட்ச்சோன்னு... கேட்டா ஆமான்னுடுவியோன்னு கேக்கல."

"இல்ல நைனா. ஒண்ணும் இல்ல."

சொன்னது போதவில்லை அவருக்கு. கீழே உட்கார்ந்து மகளின் பாதத்தைப் பிடித்தார். அப்பா தன் காலைத் தொடுவதா என்று வேறு நாளாயிருந்தால் வெடுக்கென்று இழுத்திருப்பாள். கட்டைவிரலை அழுத்தினார்.

"தெரியுதா?"

"தெரியுது."

பத்து விரலுக்கும் கேட்டார். பத்துக்கும் பதில் சொன்னாள்.