வெந்தயத் தண்ணீரில் பாதி

சிங்க்கில் கவிழ்க்கப் போன கிண்ணத்தை நாத்தனார் கையிலிருந்து அவள் பாய்ந்து பிடுங்கினாள்.

"கொட்டாதீங்க அண்ணி."

"அப்பாவோட சுகருக்கு ஊற வச்ச வெந்தயம்தானே? மனுஷனே போயாச்சு, இனிமே யாரு குடிக்கப்போறா?"

மாமனார் விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டார். கூடத்தில் அவருடைய தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெந்தயம் நேற்று அவரே ஊறப்போட்டது.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை. அவளுக்குத்தான் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனது, உடம்பு ஊதியது. துணிகளை இடுப்பில் பிரித்துத் தைக்கக் கொடுத்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் நீர்க்கட்டி, வெந்தயம் என்று பேசுவது காதில் விழாமலா இருக்கும்? மறுநாள் வெந்தயத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மேடையில் வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர் மாத்திரையை விட்டுடாதம்மா. கூட இதையும் குடிச்சுப் பாரு," என்றார்.

ஒருநாள் நாத்தனார் மோப்பம் பிடித்து, "யாருக்கு இந்தக் கசப்பு?" என்று கேட்டபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. "எனக்குத்தான். சுகர் வந்துடுச்சு," என்று டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துக் காட்டினார் மாமனார். அன்றிலிருந்து பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை கேட்கிற மனுஷன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற வெறும் டீ குடித்தார். படுபாவி மனுஷன்!

கூடத்தில் ஒரு பெண்மணி பெருமூச்சு விட்டாள். "பேரப்பிள்ளையைப் பாக்காமலே போயிட்டாரே. மருமக மனசு வச்சிருந்தா..."

இனி முன்னால் வந்து நிற்க மாமா இல்லை.

"அது எனக்கு வச்சது அண்ணி," என்றாள், கூடத்துக்கும் கேட்கும்படி. "எனக்குத்தான் கர்ப்பப்பைப் பக்கம் கட்டி. மாமாவுக்குச் சுகரே கிடையாது."

நாத்தனார் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"போன மாசம் என் பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் எடுத்தாரு. நான்தான் கையிலேருந்து புடுங்குனேன்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்ததும் வடிகட்டி, பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் பார்த்தாள்.

நாத்தனார் ஒன்றை எடுத்து, முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.