பார்க்காத மாடிக்குக் கையெழுத்து இல்லை

கிட்ட வாங்க கண்ணுகளா, வயிறு குளிரப் பழிவாங்கின ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

இடுப்புக்குக் கீழே செயலிழந்த சிறுமியை, "வகுப்பு மாடியில இருக்கு, உன்னைத் தூக்கிச் சுமக்க இங்க ஆள் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார் ஒரு தலைமையாசிரியர். வீட்டிலிருந்தே படித்த அவள், மாவட்டப் பள்ளி ஆய்வாளராகி, அதே பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்கச் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தாள்.

இப்போது தாளாளராகிவிட்ட அவர் பல்லிளித்தார். "நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க மேடம்."

"அன்னிக்கு ஆள் இல்லேன்னீங்களே சார்? பார்க்காத மாடிக்கு நான் கையெழுத்துப் போடுறதில்ல."

மாடியிலிருந்த பெஞ்சுகளையெல்லாம் அவர் கீழே இறக்கி அடுக்கினார். அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "ரூம் இன்னும் வரலையே சார்?"

சாய்தளம் கட்டிய பிறகுதான் உரிமம் கிடைத்தது. அதில் முதன்முதலாக அவள் ஏறியபோது, மூச்சு வாங்க நாற்காலியைத் தள்ளியவர் தாளாளரேதான்.

உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும், செல்லங்களே.