பிளாரன்ஸ் போன வழி

கோயில் தெரு முக்கில் மேற்கே கல்லறைக்குத் திரும்ப வேண்டிய பவுல் தண்டல், தங்கை பிளாரன்ஸின் சவப்பெட்டியைத் தோளில் வைத்தபடி கிழக்கே கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். பின்பக்கம் தோள் கொடுத்தவர்கள் மேற்கே திரும்ப, பெட்டி நடுத்தெருவில் குறுக்கே நின்றது.

ஊர்ப் பெரியவர் ஹென்றி குடையோடு முன்னால் வந்தார்.

"ஏலே பவுலு, தோணி ஓட்டின தண்டலத்தாம்லே கடலுக்குக் காட்டி, வர்ற தோணி பாய எறக்கி மரியாத செஞ்ச பொறவு அடக்குவோம். உன் தங்கச்சி தோணியில கால் வச்சிருக்காளா?"

"புதுத் துறைமுகம் தொறந்தன்னைக்கு வச்சா. வாந்தி எடுத்தா. அதோட சரி, அண்ணாச்சி."

பிணத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது என்பது பவுலின் கொள்கை. மற்ற நேரங்களில் அவ்வளவு கண்டிப்பில்லை.

பெங்களூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை வருஷக்கணக்கில் ஒப்பிட்டு, பிளாரன்ஸ் ஓர் இரட்டை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பெருமையில் பவுல் ஊரில் ஒருவரை விடாமல் நிறுத்தி, விடிவெள்ளியைக் காட்டி, "நம்ம வீட்டுது" என்று சொல்லித் திரிந்தார். லீவுக்கு வந்தவள், "அண்ணே, அது நட்சத்திரமே இல்ல. என்னோடது கண்ணுக்கே தெரியாது" என்றாள். பவுல் ஒரு வாரம் தோணியை விட்டுக் கரைக்கு வரவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்த வச்சு எவம்லே தோணி ஓட்டுவான்?" என்றார் ஹென்றி.

"ஓட்ட முடியாது. ரெண்டும் செத்த நட்சத்திரம். எரிஞ்சு முடிஞ்சு பூமியளவுக்குச் சுருங்கிப்போச்சு. வெள்ளைக் குள்ளன்னு பேரு. ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டே ஓடுது. சூரியன், மத்த நட்சத்திரமெல்லாம் சப்பரத்துக்குப் பின்னால போற கூட்டம் மாதிரி ஒரே பக்கமாப் போகுதாம். இது ரெண்டும் அந்தக் கூட்டத்தக் குறுக்க வெட்டி, மேலயும் கீழயுமாப் பாயுதாம். அந்த வழியக் கணக்குப் போட்டவ இவ. வழி தெரிஞ்சவந்தான அண்ணாச்சி தண்டல்?"

ஹென்றி பெட்டியைப் பார்த்தார்.

"செத்த பொறவுமா ஓடுது?"

"மத்ததவிட வேகமா."

ஹென்றி குடையை மடக்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். பின்னால் போய், ஓர் ஆளை விலக்கித் தன் தோளைக் கொடுத்தார். பெட்டி கிழக்கே திரும்பியது.

மணலில் இறக்கி, தலைமாட்டைக் கடல் பக்கம் வைத்தார்கள். தூரத்தில் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்த தோணியிலிருந்து ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான்.

"எந்தத் தண்டலு?"

பவுல் கையைக் குவித்தார்.

"பிளாரன்ஸ்" என்று ஹென்றி முந்திக் கத்தினார்.

கரை வர இன்னும் தூரமிருக்க, தோணியில் பாய் இறங்கியது.