நம்பாதவனின் அக்கா

தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதற்காகவே அக்கா அவனோடு பதினோரு வருடம் பேசவில்லை. அம்மா இறந்தபோதுகூட, "பிரார்த்தனையில வாயே திறக்காதவனுக்கு இங்க என்ன வேலை?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

இப்போது அவனும் போய்விட்டான். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். அவளுடைய எண் யாரிடமும் இல்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது.

மூன்றாவது மாடியில் இருந்த அவனுடைய அறையைக் காலி செய்யப் போனாள். ஒரு கட்டில், நாலு சட்டை, கிரீஸ் படிந்த செருப்பு. சாமி படம் ஒன்றுகூட இல்லை. 'போற இடத்துல என்ன பாடு படுறானோ' என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவன் அக்காவா? உள்ள வாங்கம்மா, என்னால எழுந்து வர முடியாது" என்று எதிர் அறையிலிருந்து குரல் வந்தது.

கட்டிலில் வயதான தையல்காரர் ஒருவர் சாய்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"ஏழு வருஷமா என்னைக் குளிப்பாட்டி விட்டுட்டுத்தாம்மா அவன் வேலைக்குப் போவான். வாரம் தவறாம முதுகுல தூக்கிக்கிட்டு, மூணு மாடியும் இறங்கிப் பிரார்த்தனைக்குக் கூட்டிட்டுப் போவான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவனா? பிரார்த்தனைக்கா?"

"உள்ள வரமாட்டான். வெளிய படியில உக்காந்திருப்பான். 'உனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே, எதுக்குடா இந்தப் பாடு'ன்னு கேட்டேன். 'உங்களுக்கு இருக்கே'ன்னான்."

அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவானா, ஐயா?"

தையல்காரர் சிரித்தார். கண் மட்டும் கலங்கியது. "சொல்லாம என்ன? 'எங்கக்கா எனக்கும் சேர்த்தே வேண்டிக்குவா. அவ அதட்டினா மேல இருக்கிறவரே பயந்துபோய்க் கதவைத் திறந்துடுவாரு'ம்பான்."

அக்காவால் நிமிர முடியவில்லை. தன் வேண்டுதலிலிருந்து அவன் பெயரை அவள் எடுத்துவிட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

அவன் போனதிலிருந்து அவரைக் குளிப்பாட்ட ஆளில்லை. துணியில் வியர்வை வாடை அடித்தது. அவள் எழுந்துபோய் வெந்நீர் வைத்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து, அவர் முகத்தையும் கழுத்தையும் மெதுவாகத் துடைத்தாள்.

"அவனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கம்மா" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். அத்தனை வருடம் மனப்பாடமாக வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "டேய்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அழுதாள்.